ஆசிட் தொட்டியும் அரிவாள்மனை கேஸும்

டெஸ்ட் டியூபில் இருந்த ஆசிட் பால் மாதிரி வெளுத்தது.

முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான். கதவோரம் கலியபெருமாள், மதியச் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஆசிட் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். போகச் சொன்னால் அப்படியே போய் பஸ் ஏறிவிடலாம் என்று பையைக் கையோடு எடுத்து வந்திருந்தார். வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பைக்குள் சாப்பாடு இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

"இது என்னாம்மா?" என்றார் முதலாளி.

"உப்பு சார்," என்றேன்.

அதுவரை அந்த அறையில் நான் உப்பு என்று சொன்னதே இல்லை. குளோரைடு, குளோரைடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியார்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

உப்பு என்றதும் முதலாளியின் முகம் மாறியது. எதற்கு மாறியது என்று எனக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்வதற்கு முன்னால் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

எவர்சில்வருக்கு எதற்குக் குளியல்?

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு திட்டக்குடியிலிருந்து ஒரு வாசகர், "எவர்சில்வர்தான் துருப்பிடிக்காதே, அதை எதற்கு ஆசிட்டில் போடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் இதையேதான் கேட்டேன். வேலை வேண்டும் என்பதால் அதற்கு மேல் வாதாடவில்லை.

விஷயம் சுலபம்தான். எவர்சில்வருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று உண்டு. துருவைத் தடுப்பது அந்தத் தோல். லேத்தில் கடையும்போது உளியிலிருந்து இரும்புத் துகள்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரும்பு துருப்பிடிக்கும். பார்க்கிறவர்கள் எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் கடைந்த சாமானை நைட்ரிக் ஆசிட் தொட்டியில் கொஞ்ச நேரம் ஊறவைப்போம். ஆசிட் அந்த இரும்பைத் தின்றுவிடும், எவர்சில்வரை ஒன்றும் செய்யாது. மேலே இருக்கும் தோலும் முன்பைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பாசிவேஷன். எங்கள் கம்பெனியில் 'குளிப்பாட்டறது' என்பார்கள்.

ஊறவைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வேலையே. எண்ணெய்ப் பிசுக்கோடு சாமானைப் போட்டால் அந்த இடத்தில் ஆசிட் ஏறாது. பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே கதைதான். இரும்புக் கொக்கியில் மாட்டி இறக்கினால் ஆசிட் கொக்கியைத் தின்ன ஆரம்பித்துவிடும், அப்புறம் தொட்டி முழுக்க இரும்பு.

எல்லாவற்றையும்விட மோசம் குளோரைடு. அது உள்ளே போய்விட்டால், அதுவரை சாதுவாக இருந்த ஆசிட் எவர்சில்வரின் தோலையே கடிக்க ஆரம்பிக்கும். பளபளவென்று இறங்கிய சாமான் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்து மேலே வரும். அதைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் வேதியியல் படித்த என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

விரலில் மை

கம்பெனி கடலூர் ஓ.டி.க்கு, அதாவது பழைய டவுனுக்கு, தெற்கே, சிதம்பரம் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதையில் இருந்தது. நான் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். முன்பு ரயில் இருந்தது. அகலப் பாதை போடுகிறோம் என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க சில்வர் நைட்ரேட் என்ற ஒரு மருந்து உண்டு. தெளிந்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரளும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். விரலில் பட்டால் கழுவினாலும் போகாது, கறுப்பாக நின்றுவிடும். ஓட்டுப் போடும்போது வைக்கிற மையிலும் இதுதான் இருக்கிறது.

ஆலப்பாக்கம் வழியாக வரும் ஒரு பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் என் விரலைப் பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எந்த எலெக்‌ஷன்மா நடக்குது? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே," என்று கேட்டார். எல்லா விரலிலும் மை இருந்ததால் அவருக்கு என் மேல் வேறு சந்தேகமும் இருந்திருக்கலாம்.

பொட்டு வைத்தால் ஆர்.பி.எம். ஏறுமா?

முதலாளியைத் தனசேகரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதலாமா என்று போன் செய்து கேட்டேன். "பேர மட்டும் மாத்திடும்மா. மத்தத மாத்தாத, மாத்துனா எனக்கே நம்பிக்கை வராது," என்றார்.

லேத் ஓட்டுகிற ஆளாக இருந்து முதலாளி ஆனவர். மயிரிழை வித்தியாசத்தை விரலாலேயே தடவிச் சொல்லிவிடுவார். கெமிஸ்ட்ரி என்றால் மட்டும் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். அதோடு தீவிரமான பகுத்தறிவுக்காரர். கம்பெனியில் சாமி படம் கிடையாது. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டக்கூடாது. ஆயுத பூஜை அன்று லீவு உண்டு, பொரியும் சுண்டலும்கூட உண்டு, பூஜை மட்டும் கிடையாது.

"மெஷினுக்குப் பொட்டு வெச்சா ஆர்.பி.எம். ஏறுமா? சொல்லு, ஏறுமுன்னா நானே வெக்கிறேன்," என்று கேட்பார். யாரும் ஏறும் என்று சொன்னதில்லை. மெஷினுக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

நியாயஸ்தர்தான். தன் பேரில் தப்பு என்று தெரிந்தால் யாரிடமும் மன்னிப்புக் கேட்பார். ஆனால் தன் பேரில் தப்பு இருக்கலாம் என்பது அவருக்கு லேசில் தோன்றாது.

அரிவாள்மனை கேஸ்

கலியபெருமாள் நல்ல வேலைக்காரர். தொட்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார் என்று சொன்னால் அவருடைய பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும். அவர்களை அப்படி அவர் பார்த்துக்கொண்டது கிடையாது. காலையில் முதல் ஆளாக வந்து பூட்டைத் திறந்து, ஆசிட்டைச் சூடேற்றி வைப்பார். அதற்காக ஒரு சாவி அவரிடம் இருந்தது. இன்னொன்று முதலாளியிடம்.

ஒரே ஒரு தடவை அவருக்குப் புத்தி தடுமாறியது. வீட்டு அரிவாள்மனை துருப்பிடித்துவிட்டது என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இவர் அதைப் பையில் போட்டு எடுத்து வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் இறக்கிவிட்டார். எவர்சில்வருக்கு நல்லது செய்கிற ஆசிட் அரிவாள்மனைக்கும் செய்யும் என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த நிமிஷம் தொட்டியிலிருந்து பழுப்பு நிறத்தில் புகை கிளம்பியது. பாலிஷ் போடும் அந்தோணி, "மச்சான், தொட்டி வெடிக்கப் போவுது, ஓடியா!" என்று கத்திக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடிவிட்டார். அந்தோணியும் கலியபெருமாளும் சொந்தமில்லை, அந்தப் பக்கத்தில் ஒத்த வயதுக்காரர்கள் எல்லாரும் மச்சான்தான். அரிவாள்மனையை வெளியே எடுத்தபோது அலகில் பாதிதான் மிச்சம் இருந்தது. தொட்டி ஆசிட் மொத்தத்தையும் சுண்ணாம்பு போட்டு வீரியத்தைக் கொன்று கொட்ட வேண்டியதாயிற்று. கலியபெருமாள் வீட்டில் வெகுநாள் கத்தியால்தான் காய் நறுக்கினார்கள்.

இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்னார், செய்யவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கம்பெனியில் என்ன கெட்டுப்போனாலும், கரண்டு போனாலும்கூட, முதலாளி முதலில் கேட்பது, "இன்னொரு அருவாமனையா?" என்பதுதான்.

தோல் வியாதி

அந்தக் கோடையில் புதுச்சேரியிலிருந்து சாமான் திரும்பி வந்தது. மருந்து தயாரிக்கும் இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனி அது. எங்களுக்கு வேலை கொடுப்பதில் பெரிய கை. வால்வுகளின் மேல் அங்கங்கே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

நான் தண்ணீரைச் சோதித்தேன். கோடையில் எங்கள் போர் தண்ணீரில் குளோரைடு கூடியிருந்தது. வாயில் வைத்தால் தெரியாது, மருந்து ஊற்றினால் தெரியும். கடல் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் சகஜம். தொட்டியை மாற்றி, சுத்திகரித்த தண்ணீரை கேனில் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "குளோரைடு ஜாஸ்தி ஆயிடுச்சி சார்," என்றேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, அன்று மாலையே கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிற குளோரின் சமாச்சாரம்தான் இது என்று நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை, தண்ணீருக்குச் சம்மதித்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். எவர்சில்வருக்குத் தோல் உண்டு என்பதை விளங்கவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

என் அம்மா காடாம்புலியூர்க்காரர். சின்ன வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கும். அது பட்ட இடம் கறுத்து, தோல் உரிந்து வரும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் படும். பள்ளிக்கூடத்தில் என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த அம்மா, வாத்தியார் முன்னால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்தக் கையை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

வகுப்பில் அதைத்தான் சொன்னேன். "முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டா நம்ம தோல் உரியுது இல்ல? அதே மாதிரிதான் இதுவும். இந்தப் புள்ளியெல்லாம் எவர்சில்வருக்கு வந்திருக்கிற தோல் வியாதி."

பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த முதலாளி, "தோல் வியாதியாம்மா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வகுப்பு நன்றாக நடந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை வியாதி

புதுத் தண்ணீர், புது ஆசிட் என்று தொட்டியை நிரப்பினோம். அந்த வாரம் முழுக்கச் சாமான் கண்ணாடியாக வந்தது. கலியபெருமாள் ஒரு வால்வை எடுத்து முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலை முதல் கூடையே புள்ளியோடு வந்தது. அடுத்த திங்கட்கிழமை புள்ளி பெரிதாகியிருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை புள்ளி என்று தனியாக எதுவும் இல்லை, சாமான் முழுவதுமே கறுப்பு.

காரணத்தை ஒழித்த பிறகும் வியாதி வளர்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஆசிட்டில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்தேன், வழக்கமான அளவுதான். எண்ணெய் எடுக்கும் சோப்பைப் பார்த்தேன், கேன் தண்ணீரைப் பார்த்தேன், ஆசிட் வந்த பீப்பாயைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். தொட்டி ஆசிட்டில் மட்டும் சில்வர் நைட்ரேட் திரண்டது.

தொட்டியைக் காலி செய்தபோது அடியில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. ஆசிட்டில் ஊறி நிறம் வெளுத்து, உப்பிப்போயிருந்தன.

"எலிப் புழுக்கை மேடம்," என்றார் கலியபெருமாள்.

"ஆசிட் தொட்டிமேல ஏறி வந்து போவுதுன்னா அந்த எலிக்கு என்னா தைரியம் இருக்கணும் மச்சான்," என்றார் அந்தோணி.

எலியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. ஒரு தீப்பெட்டியில் அவற்றைப் போட்டு வைத்துக்கொண்டேன். புது ஆசிட் நிரப்பி, தொட்டிக்குக் கனமான மூடியும் போட்டோம்.

இதற்குள் புதுச்சேரிக்காரர்கள் கடைசித் தடவையாகச் சொல்லிவிட்டார்கள், இன்னும் ஒரு லாட் கறுத்து வந்தால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று. முதலாளி அவர்களிடம், "ஆள மாத்திடறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழமதாம்மா நடக்குது. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அப்ப இன்னொண்ணு யாருகிட்ட? லீவு நாள்ல ஊர்ல இருக்கிற இரும்பெல்லாம் கொண்டாந்து முக்குறான். திங்கக்கெழம காலையில அவன வரச்சொல்லி கணக்கத் தீத்துடலாம்."

"இரும்பு இல்ல சார்," என்றேன்.

"அருவாமனையும் இல்லன்னுதான் மொதல்ல சொன்னான்."

கலியபெருமாள் காதுக்கு விஷயம் போய்விட்டது. சனிக்கிழமை மாலை பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாகிராமத்தில் அவர் மாமனாருக்கு முந்திரிக் கொல்லை இருந்தது. கல்யாணம் ஆன புதிதிலேயே, கம்பெனி வேலையெல்லாம் நிக்காது, பேசாம வந்து கொல்லையைப் பாருங்க மாப்ள என்று சொன்னவர் அவர். இவர் ரோஷமாக மறுத்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா முன்னாடி போயி நிக்க முடியாது மேடம். அவுங்க ஒரு வார்த்த திட்ட மாட்டாங்க. வாங்க மாப்ளன்னு சிரிப்பாங்க பாருங்க, அதான் தாங்காது. நான் எதயும் போடல மேடம். எம் புள்ளைங்க மேல சத்தியமா போடல."

எனக்கு அவர் மேல் சந்தேகமே இல்லை. ஆனால் அதை முதலாளி முன்னால் நிரூபிக்க என்னிடம் ஒரு மருந்துப் புட்டியும் ஒரு தீப்பெட்டியும்தான் இருந்தன.

மேசைமேல் தீப்பெட்டி

இப்போது அந்த அறைக்குத் திரும்பலாம். டியூபில் பால் திரண்டிருந்தது. கதவோரம் கலியபெருமாள் பையோடு நின்றிருந்தார்.

"உப்புன்னா?" என்றார் முதலாளி.

அம்மா எனக்கு மாங்காய்க் கீற்றும் கூடவே உப்புப் பொட்டலமும் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து, பீப்பாயிலிருந்து கொண்டு வந்த சுத்தமான ஆசிட்டில் போட்டேன். இரண்டு சொட்டு மருந்து விட்டேன். அதுவும் பாலாக வெளுத்தது.

"சோத்துல போடற உப்பா?"

"அதேதான் சார்."

"அது நல்லதுதானேம்மா?"

"சோத்துக்கு நல்லது சார். தொட்டிக்கு விஷம்."

அவர் இரண்டு டியூபையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்று நினைத்து நான் வேகமாகப் பேச ஆரம்பித்தேன். இரும்பு போட்டிருந்தால் இரும்பு காட்டியிருக்கும், காட்டவில்லை. உப்பை அள்ளிப் போடுவதில் கலியபெருமாளுக்கு என்ன லாபம்? எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எலியாக இருக்கலாம். இதோ, தொட்டி அடியில் கிடைத்த புழுக்கை. தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தேன்.

"எலி எங்கயாச்சும் உப்பத் தூக்கிட்டு வருமா மேடம்?" என்றார் கலியபெருமாள்.

நான் யாருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேனோ அவரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? "நீங்க சும்மா இருங்க," என்றேன்.

முதலாளி ஒரு உருண்டையை எடுத்து, லேத் சாமானை அளக்கிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார். வெளியே அந்தோணி பாலிஷ் மெஷினைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டார்.

"இது புழுக்கை இல்லம்மா," என்றார். "மொளகு."

உருண்டையை மேசைமேல் வைத்தார்.

"உப்பும் மொளகும். நான்தான் போட்டேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து போட்டேன்."

சின்னப் பையனாக இருந்தபோது அவருக்குக் கழுத்தெல்லாம் மருவாம். அவருடைய அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டிருக்கிறார். உப்புக் கரைகிற மாதிரி மரு கரைய வேண்டும் என்பது கணக்கு. மரு உதிர்ந்துவிட்டது. "அது நெசம், நானே பாத்தேன்," என்றார். நான் தோல் வியாதி என்று சொன்னதும் அவருக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. வேண்டிக்கொண்டார். ஆனால் கோயில் குளத்துக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். கம்பெனியிலேயே ஒரு தொட்டி இருக்கிறது.

"அதுவும் தண்ணி மாதிரிதான இருக்கு," என்றார்.

முதல் வாரம் சாமான் நன்றாக வந்தபோது வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்து, நன்றிக்காக ஒரு கை உப்பைக் கூடுதலாகவே போட்டாராம். கறுத்த பிறகு, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஜாஸ்தி போட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் எலியைப் பிடித்துக்கொண்டேதான் அலைந்திருப்பேன். கலியபெருமாள் மாமனார் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நிமிஷம் எனக்கு முதலாளியை ரொம்பப் பிடித்திருந்தது.

முதலாளி எழுந்து நின்றார். "என் மேல தப்பு கலியபெருமாளு. பைய கொண்டு போயி உள்ள வையி. சோறு ஊசிடப்போவுது."

கலியபெருமாள் நகரவில்லை.

"எந்தக் கோயிலுக்கு சார் வேண்டிக்கிட்டீங்க?"

முதலாளி சொன்னார். சிதம்பரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மாரியம்மன் கோயில்.

"அங்க போட வேண்டியத இங்க போட்டிருக்கீங்க," என்றார் கலியபெருமாள். "அப்ப அந்த வேண்டுதல் அப்பிடியேதான் நிக்குது சார்."

கரைந்ததும் கரையாததும்

தொட்டியைக் கழுவிக் கழுவி, கழுவிய தண்ணீரில் மருந்து திரளாமல் போகிற வரைக்கும் கழுவினோம். புது ஆசிட் ஊற்றினோம். முதலாளி தன்னுடைய சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், நான் கேட்கவே இல்லை. அடுத்த லாட் ஒரு புள்ளி இல்லாமல் வந்தது. புதுச்சேரிக்காரர்கள், ஆளை மாற்றியது நல்லதாகப் போயிற்று என்று பாராட்டி அனுப்பினார்கள். முதலாளி மறுத்து எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கலியபெருமாள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஆசிட்டைச் சூடேற்றிவிட்டு வந்து, "சார், அந்த வேண்டுதலு," என்பார். "போடா, வேலயப் பாரு," என்பார் முதலாளி. வேலை போகும் என்ற பயம் விட்டுப்போனதில் கலியபெருமாளுக்குத் தைரியம் வந்திருந்தது. வேண்டுதலைப் பாக்கி வைத்தால் முதலில் அடி விழப்போவது தொட்டிக்கு, தொட்டி அவருடையது என்பது அவர் வாதம்.

ஒரு நாள் மாலை முதலாளி என்னிடம், "வாம்மா, சிதம்பரம் பக்கம்தான் போறேன், வீட்டுல வுட்டுடறேன்," என்றார். காரில் ஏறினால் முன் சீட்டில் கலியபெருமாள். மடியில் உப்புப் பாக்கெட்டும் மிளகுப் பொட்டலமும் இருந்தன.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு முதலாளி பேப்பரை விரித்துக்கொண்டார். இறங்க மாட்டேன் என்று அர்த்தம். கலியபெருமாளும் நானும் போனோம். குளத்தில் தண்ணீர் பச்சையாக இருந்தது. படிக்கட்டில் ஒரு அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் கால் கழுவி, கிழக்கே பார்த்து நின்று, முதலாளியின் பெயரையும் ராசியையும் சொல்லி இரண்டையும் போட்டார். ராசியை எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. என் பையில் சில்வர் நைட்ரேட் புட்டி இருந்தது. இந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. விடவில்லை.

திரும்பி வந்து காரில் ஏறினோம். முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கரைஞ்சுதா?"

"உப்பு கரைஞ்சிடுச்சி சார். மொளகு மெதக்குது."

"மொளகு கரையாது," என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மெயின் ரோட்டில் ஏறி, ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டபோது முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உப்ப மட்டும் போட்டிருந்தேன்னு வையி கலியபெருமாளு, அது தெரியாம கரைஞ்சி போயிருக்கும், அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். உன்ன அனுப்பிட்டிருப்பேன்."

"தெரியும் சார்," என்றார் கலியபெருமாள். "பையோடதான நின்னேன்."